மின்சாரத்துக்கு அசையும் ஜெல்: அகார் அகார் முதல் அச்சிட்ட இதயம் வரை

அறிவியல் தொழில்நுட்பம் பற்றிய கட்டுரைத் தலைப்பு எந்த ஆண்டு வந்தாலும் நம் மாணவர்கள் எழுதும் வரி ஒன்று உண்டு: “இன்று மனித இதயத்தையே அச்சு இயந்திரத்தில் அச்சிட்டுவிட்டார்கள்.” படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த மையைக் கொண்டு அச்சிட்டார்கள், அச்சிட்ட இதயம் துடித்ததா என்று கேட்டால் மட்டும் பதில் வராது. பதில் சொல்ல அந்த இதயத்தின் செய்தி போதாது. அந்த மையின் வரலாறு தெரிய வேண்டும். அது 140 ஆண்டுகளைத் தாண்டிய வரலாறு. அதன் தொடக்கத்திலேயே நம் வட்டாரத்துச் சொல் ஒன்று இருக்கிறது.

அகார் அகாரும் ஓர் ஆய்வுக்கூடமும்

ஹைட்ரோஜெல் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். தீபாவளி, ஹரிராயா திறந்த இல்ல உபசரிப்புகளில் வண்ண வண்ணமாக வெட்டி வைத்திருப்பார்களே அகார் அகார், அதுதாங்க ஹைட்ரோஜெல். கடற்பாசியிலிருந்து எடுத்த நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. வலைக்கண்களுக்குள் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. 100 பங்கில் 98 பங்கு தண்ணீராக இருந்தாலும் அது ஓடுவதில்லை. வெட்டினால் வெட்டிய வடிவில் நிற்கிறது. இதைத் தமிழில் ‘கூழ்’ என்ற வேரிலிருந்து சொல் ஆக்கி எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கூழை ஊற்றினால் ஓடும்; ஜெல் நிற்கும். அந்த நிற்றல்தான் இங்கே முக்கியம் என்பதால் ஜெல் என்றே எழுதுகிறேன்.

1881ஆம் ஆண்டு ஜெர்மனியில், ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வால்தர் ஹெஸ் என்ற மருத்துவர் நுண்ணுயிர்களை வளர்த்துக்கொண்டிருந்தார். ஜெலட்டின் மேல் வளர்ப்பதுதான் அன்றைய வழக்கம். ஜெலட்டினோ கோடையில் இளகிவிடும். உடற்சூடான 37 டிகிரியில் நிற்கவே நிற்காது. போதாததற்குச் சில நுண்ணுயிர்கள் அதைத் தின்று நீராக்கிவிடும். கணவரின் ஆய்வுகளுக்குப் படம் வரைந்து கொடுத்துவந்த ஃபேனி ஹெஸ், வீட்டில் ஜெல்லி செய்யும் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். வெயிலிலும் அது உருகாது என்பது அவருக்குச் சமையலறையில் தெரிந்த செய்தி. ஜாவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் வழியாக அவருக்கு வந்த பக்குவம் அது. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது கோக் அகாரைக் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயரைக் குறிப்பிடவில்லை. மலாய்ச் சொல் மட்டும் உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் நிலைத்துவிட்டது.

ஜெலட்டின் உடற்சூட்டில் உருகிவிடும் என்ற இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2015இல் அது திரும்ப வரும், குறையாக இல்லாமல்.

‘ஜெல்’ என்ற பெயரை இதற்கு முன்பே, 1860களில், ஸ்காட்லாந்துக்காரரான தாமஸ் கிரஹாம் வைத்துவிட்டார். அவர் ஆராய்ந்தது உயிரற்ற சிலிக்கா. ஆனால் நம் தசையும் குருத்தெலும்பும் கண்ணின் உட்பகுதியும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் வலைகளே. உடம்பின் மென்மையான பாகம் ஒன்றைச் செய்ய வேண்டுமானால் உலோகமும் பிளாஸ்டிக்கும் உதவாது. ஜெல்தான் உதவும் என்பது இதிலிருந்து வருகிறது. ஒரே சிக்கல், தட்டில் இருக்கும் அகார் அகார் தானாக அசையாது. தசை அசையும்.

வலைக்குள் மின்னேற்றம்

தவளைக் கால் மின்சாரம் பட்டுத் துள்ளியதை இத்தாலியில் கால்வானி 1791இல் எழுதி வெளியிட்டதிலிருந்து, மின்சாரத்துக்கும் தசைக்கும் உறவு உண்டு என்பது எல்லாரும் அறிந்ததே. உயிரில்லாத பொருளைத் தசைபோல் சுருங்கி விரிய வைக்க முடியுமா என்ற கேள்விக்கு உருப்படியான விடை கிடைக்க அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. சுவிட்சர்லாந்தில் வெர்னர் கூனும் இஸ்ரேலில் அஹரோன் கட்சால்ஸ்கியும் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைக் காட்டினார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது பாலிஅக்ரிலிக் அமிலம் என்ற சங்கிலி மூலக்கூறு. காரத்தில் போட்டால் சங்கிலி நெடுகிலும் எதிர்மின்னேற்றம் தோன்றும். ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும், வலை விரியும், தண்ணீர் உள்ளே வரும். அமிலத்தில் போட்டால் மின்னேற்றம் மறையும், வலை சுருங்கும், தண்ணீர் வெளியேறும். சுருங்கும்போது ஒரு சிறு எடையையும் தூக்கும். வேதியியல் ஆற்றல் நேரடியாக இயக்கமாக மாறியது. இடையில் எந்திரம் இல்லை, சக்கரம் இல்லை.

இதை வகுப்பில் காட்ட முடியும். குழந்தைகளின் அணையாடைக்குள் இருக்கும் வெள்ளைத் தூள் இந்தப் பாலிஅக்ரிலிக் அமிலத்தின் உப்புதான். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தூளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் சற்று நேரத்தில் கிண்ணம் முழுக்க ஜெல் நிற்கும். அதன்மேல் இரண்டு தேக்கரண்டி சமையல் உப்பைத் தூவிக் கலக்குங்க. ஜெல் தளர்ந்து தண்ணீரை விட்டுவிடும். வெளியே அயனிகள் கூடிவிட்டால் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைக்கும் விசை குறைந்துவிடுகிறது. உப்பு செய்த வேலையை மின்சாரத்தால் செய்ய முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. கையில் பட்ட தூள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் முதலில் நடக்கும் விபத்து அதுதான்.

பொம்மைப் பெட்டியில் பிறந்த கண்வில்லை

அசையும் ஜெல்லின் கதையைச் சற்று நிறுத்திவிட்டு, அசையாத ஜெல் ஒன்றைச் சொல்ல வேண்டும். உடம்புக்குள் வைக்கத்தக்க ஜெல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் விடை.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஒட்டோ விச்டெர்லே 1952இல் ஒரு இரயில் பயணத்தில், அருகில் இருந்தவர் கையில் கண்ணுக்குள் பொருத்தும் உலோகப் பாகத்தைப் பற்றிய கட்டுரையைப் பார்த்தார். உலோகம் வேண்டாம், தண்ணீரை ஏற்கும் பிளாஸ்டிக்தான் உடம்போடு ஒத்துப்போகும் என்று அங்கேயே வாதாடினார். பிறகு ட்ராஹொஸ்லாவ் லீமுடன் சேர்ந்து அப்படி ஒரு ஜெல்லைச் செய்தார். 1960இல் இருவரும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு கட்டுரையிலிருந்துதான் மருத்துவ ஹைட்ரோஜெல் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம்.

பொருள் கிடைத்துவிட்டது, வடிவம் கிடைக்கவில்லை. மென்மையான ஜெல்லைக் கண்வில்லையாகச் செதுக்கினால் ஓரம் கிழியும். மேலிடமும் அந்த ஆய்வு போதும் என்று நிறுத்திவிட்டது. 1961 கிறிஸ்துமஸ் நாளில் விச்டெர்லே தம் வீட்டுச் சமையலறை மேசையில், பிள்ளைகளின் ‘மெர்க்கூர்’ உலோகப் பொம்மைத் துண்டுகளையும் மிதிவண்டி டைனமோவையும் அழைப்பு மணியின் மின்மாற்றியையும் கோத்து ஒரு சுழலும் கருவி செய்தார். சுழலும் சின்னஞ்சிறு அச்சில் திரவத்தைச் சொட்டினால், சுழற்சியே அதற்கு வில்லையின் வளைவைக் கொடுத்துவிடும். அந்த நிலையிலேயே அது ஜெல்லாக இறுகும். மனைவி லிண்டாவின் துணையோடு அன்று நான்கு கண்வில்லைகள் பிறந்தன. 1971இல் அமெரிக்கா மென்கண்வில்லைகளின் விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. இதற்கிடையில், 1968க்குப் பிறகு, அரசியல் காரணத்தால் விச்டெர்லே தம் ஆய்வு நிலைய இயக்குநர் பதவியை இழந்திருந்தார்.

இந்தக் கதையை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் பொம்மைப் பெட்டி மட்டும் அல்ல. முடிந்த ஜெல்லைச் செதுக்காதே, திரவமாக இருக்கும்போதே வடிவத்துக்குள் கொண்டுபோய் அங்கே இறுகவை என்பது விச்டெர்லேயின் வழி. இன்றைய உயிர் அச்சு இயந்திரங்கள் எல்லாம் செய்வது அதையே.

தனாக்காவின் பாய்ச்சல்

மின்சாரத்தால் ஜெல்லை அசைத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் தொயோயிச்சி தனாக்கா. ஜப்பானில் நீகாத்தா மாநிலத்தில் பிறந்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். 1978இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது. ஆனால் யாரும் எதிர்பாராதது. பாலிஅக்ரிலமைடு ஜெல்லைத் தண்ணீரும் அசிட்டோனும் கலந்த நீர்மத்தில் போட்டு, அசிட்டோனைச் சிறுகச் சிறுகக் கூட்டினார். ஜெல் சிறுகச் சிறுகச் சுருங்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஓர் எல்லை வரை அப்படித்தான் போனது. எல்லையைத் தாண்டியதும் ஒரே பாய்ச்சலாகச் சுருண்டுவிட்டது. தண்ணீர் 99 டிகிரி வரை தண்ணீராகவே இருந்து 100இல் ஆவியாக மாறுவதுபோல ஜெல்லுக்கும் ஒரு நிலைமாற்றம் உண்டு என்று ஆயிற்று.

இன்னொரு வேடிக்கை: எல்லா ஜெல்லும் அப்படிப் பாயவில்லை. செய்து நாளான ஜெல்தான் பாய்ந்தது; புதிதாகச் செய்தது சாதாரணமாகச் சுருங்கியது. நாளாக ஆக ஜெல்லின் சங்கிலிகளில் மெல்ல மின்னேற்றம் உண்டாகிவருவதே காரணம் என்று பின்னர் தெளிவாகியது. அதாவது கூனும் கட்சால்ஸ்கியும் சொன்ன அதே மின்னேற்றம்.

மின்னேற்றம் இருக்கிறதென்றால் மின்சாரம் அதைப் பிடித்து இழுக்குமே? 1982இல் தனாக்காவும் அவர் குழுவினரும் ‘சயன்ஸ்’ இதழில் அதைச் செய்து காட்டினார்கள். இரண்டு மின்முனைகளுக்கு இடையில் ஜெல்லை வைத்தால், எதிர்மின்னேற்றம் கொண்ட வலை நேர்மின்முனைப் பக்கம் இழுபடுகிறது. அந்தப் பக்கம் அழுத்தம் கூடிச் சுருண்டுவிடுகிறது. மின்னழுத்தத்தில் மிகச் சிறிய மாற்றமே போதும். சுருங்கிய ஜெல்லின் பருமன் விரிந்த ஜெல்லைவிடச் சில நூறு மடங்கு குறையலாம். மின்சாரத்தை நிறுத்தினால் ஜெல் பழைய நிலைக்குத் திரும்பும். செயற்கைத் தசை வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆனால் தனாக்காவே 1979இல் ஃபில்மோருடன் சேர்ந்து ஒரு கணக்கைச் சொல்லி வைத்திருந்தார். என் பார்வையில் இந்த வரலாறு முழுவதையும் திருப்பிவிட்டது அந்தக் கணக்குதான். ஜெல் சுருங்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் தண்ணீர் வலைக்கண்களின் வழியே நெருக்கியடித்து வெளியே வர வேண்டும். அதற்கு ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். தடிமன் 10 மடங்கானால் நேரம் 100 மடங்கு. ஒரு பேச்சுக்கு, 1 செ.மீ. தடித்த ஜெல் சுருங்க 10 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதே ஜெல்லை 1 மி.மீ. ஆக்கினால் ஏறக்குறைய 2 மணி 24 நிமிடம். 0.1 மி.மீ. ஆக்கினால் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. இன்னும் மெல்லியதானால் கண்ணிமைக்கும் நேரம். கையளவு ஜெல் கட்டியை மின்சாரத்தால் தசையாக்கும் கனவு இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகிறது. இயற்கைக்கும் இந்தக் கணக்கு தெரியும்போல. நம் தசை ஒரே கட்டியாக இல்லை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் தாண்டாத நார்களின் கட்டாக இருக்கிறது.

தனாக்கா 2000ஆம் ஆண்டு, 54ஆவது வயதில் காலமானார். அவருடைய கணக்கை வேறு வழியில் சமாளித்தவர் யோஷிஹித்தோ ஒசாடா. 1992இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த அவர் குழுவின் ஜெல் புழு, மின்திசையை மாற்ற மாற்ற வளைந்தும் நிமிர்ந்தும் நகர்ந்தது. வேகம் நிமிடத்துக்கு 25 செ.மீ. வரை. முழு ஜெல்லும் சுருங்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. நீரில் கலந்த சோப்பு போன்ற மூலக்கூறுகளை மின்சாரம் ஜெல்லின் ஒரு பக்கத்து மேற்பரப்பில் மட்டும் ஒட்ட வைத்தது. அந்த மெல்லிய தோல் சுருங்கியதால் முழுப் பட்டையும் வளைந்தது. கெட்டிக்காரத்தனம். அதே வேளையில் ஒன்றைக் கவனியுங்கள். தனாக்காவின் ஜெல்லுக்கு அசிட்டோன் வேண்டும். ஒசாடாவின் ஜெல்லுக்குச் சோப்பு போன்ற பொருள் வேண்டும். இரண்டுமே உயிரணுக்களைக் கொல்லக்கூடியவை. வெறும் உப்புநீரில் வேலை செய்யலாம் என்றால், 1.23 வோல்ட்டைத் தாண்டியதும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியத் தொடங்கும். மின்முனையை ஒட்டி ஒரு பக்கம் அமிலமும் மறுபக்கம் காரமும் கூடும். அசையும் ஜெல்லுக்கும் உயிருள்ள ஜெல்லுக்கும் இடையில் விழுந்த பிளவு இதுதான்.

புட்டு மாயம் பிழிவதுபோல

அச்சு இயந்திரத்தின் கதை இதோடு ஒட்டாமல் தனியே நடந்தது. 1988இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ராபர்ட் கிளேபி, ஹியூலெட் பெக்கார்ட் மைபீய்ச்சு அச்சு இயந்திரம் ஒன்றை எடுத்து, மைக்குப் பதிலாக உயிரணுக்கள் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத்தை ஊற்றி அச்சிட்டார். புரதம் விழுந்த இடத்தில் உயிரணுக்கள் ஒட்டின. மற்ற இடத்தில் ஒட்டவில்லை. 2000க்குப் பின் தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலண்ட் உயிரணுக்களையே மையில் கலந்து அச்சிட்டார். நாம் தேர்வுத்தாள் அச்சிடும் அதே வகை இயந்திரம்தான். உயிரணுக்கள் பெரும்பாலும் பிழைத்தன.

உயிரணுவைத் தாங்க ஒரு ஜெல் வேண்டும். இங்கே கடற்பாசி மறுபடி வந்தது. இம்முறை பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட். சோடியம் ஆல்ஜினேட் நீராக இருக்கும். கால்சியம் பட்டதும் ஜெல்லாக இறுகும். மாணவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பபிள் டீயில் கடித்தால் ‘பளக்’கென்று உடையும் சாறுமுத்துகளின் தோல் இதே ஆல்ஜினேட்தான்.

அடுத்து வந்தவை பிழியும் இயந்திரங்கள். இடியப்ப உரலில், இங்கே சொல்வதுபோல் புட்டு மாயம் பிழிந்தவர்களுக்கு இதன் சிக்கல் உடனே புரியும். மாவு தளர்ந்தால் இழை நிற்காது, தட்டில் படிந்துவிடும். இறுகினால் கை வலிக்கும். இழையும் அறுந்து அறுந்து விழும். உயிர் மையில் இதைவிட மோசம்: இறுகிய மையைக் குழாய்வழி அழுத்தித் தள்ளினால் உள்ளே இருக்கும் உயிரணுக்கள் நசுங்கிச் சாகும். அழுத்தும்போது ஓடி, விட்டதும் நிற்கும் மை வேண்டும், பற்பசைபோல.

2015இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஃபைன்பெர்க்கின் குழு சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அவிழ்த்தது. மை தானாக நிற்க வேண்டாம். நிற்பதற்கு ஒரு தொட்டி கொடுப்போம் என்றார்கள். ஜெலட்டின் துகள்கள் நிரம்பிய தொட்டிக்குள் ஊசியை நுழைத்து அச்சிட்டார்கள். எவ்வளவு தளர்ந்த மையானாலும் துகள்கள் அதைச் சுற்றித் தாங்கின. அச்சிட்டு முடிந்ததும் தொட்டியை 37 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். ஜெலட்டின் உருகி ஓடியது, அச்சிட்ட உருவம் மட்டும் மிஞ்சியது. 1881இல் வால்தர் ஹெஸ்ஸைத் திணறடித்த அதே உருகல்!

ஒரு பெயர், இரண்டு பொருள்

இரண்டு கதைகளும் சேரும் இடம் இனித்தான். அசையும் ஜெல்லுக்கு மெல்லிய வடிவம் வேண்டும். அச்சு இயந்திரம் மெல்லிய வடிவத்தைக் கொடுக்கும். ஆகவே 2018இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹோவன் லீயின் குழு ஒளியால் இறுகும் மையைக் கொண்டு பாலிஅக்ரிலிக் அமில ஜெல்லில் ஒரு சிறு மனித உருவத்தை அச்சிட்டது. சுமார் ஓர் அங்குல உயரம். உப்புநீரில் மின்சாரம் பாய்ந்ததும் அது கால் மாற்றி நடந்தது. அணையாடைத் தூளின் உறவுக்காரப் பொருள்! ஆனால் அதற்குள் ஓர் உயிரணுவும் இல்லை. மென்மையான ரோபோக்களைச் செய்ய அது நல்ல வழி. உறுப்புகளைச் செய்யும் வழி அல்ல.

உயிரணுக்களோடு வேலை செய்தவர்கள் மின்சாரத்தை வேறு விதமாகப் பார்த்தார்கள். இதயத்தசை உயிரணு தானே சுருங்கும். அதற்கு ஜெல் சுருங்கிக் காட்ட வேண்டியதில்லை. அதற்குத் தேவை, எப்போது சுருங்குவது என்ற செய்தி. 2004இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மிலிக்கா ராடிசிச், கோர்டனா வுன்யாக்-நோவக்கோவிச் குழுவினர், எலிக்குட்டிகளின் இதய உயிரணுக்களை ஒரு சட்டகத்தில் வளர்த்து, இதயத் துடிப்பைப்போல் மின்துடிப்பு கொடுத்து வந்தார்கள். 8 நாளில் அவை வரிசையாக நின்று, மின்துடிப்பு பெறாதவற்றைவிட 7 மடங்கு வலுவாக ஒன்றுசேர்ந்து சுருங்கின.

அந்தச் செய்தி ஜெல்லின் வழியே ஒழுங்காகப் போவதில்லை என்பதுதான் குறை. ஆல்ஜினேட் சட்டகத்தின் சுவர்கள் ஒரு கூட்டத்தை மற்றொரு கூட்டத்திலிருந்து மின்னளவில் பிரித்துவிடுகின்றன. ஒவ்வோர் அறையும் தன்பாட்டுக்குத் துடிக்கும். 2011இல் தால் த்விர், ராபர்ட் லாங்கர், டேனியல் கோஹேன் ஆகியோர் ஆல்ஜினேட்டுக்குள் தங்க நுண்கம்பிகளைக் கலந்தார்கள். சுவர்களின் வழியே மின்செய்தி பாய்ந்தது. கூட்டங்கள் ஒன்றுசேர்ந்து சுருங்கின. ஜெல் அசையவில்லை. ஜெல் தூது போயிற்று.

‘மின்சாரத்துக்கு வினைபுரியும் ஹைட்ரோஜெல் மை’ என்று செய்திகளில் படிக்கும்போது அது இந்த இரண்டில் எது என்று கேட்க வேண்டும். தானே அசையும் ஜெல்லா, உயிரணுவுக்குத் தூது போகும் ஜெல்லா? பெயர் ஒன்று, பொருள் இரண்டு. உயிர் அச்சில் முன்னேறிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. முதல் வகை அசிட்டோன், மின்னழுத்தம், தனாக்காவின் வர்க்கக் கணக்கு என்று ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுகிறது என்பதை மேலே பார்த்தோம்.

தூது போகும் மைகளில் புகழ்பெற்றது மின்கடத்தும் பாலிமர். பிளாஸ்டிக்கும் மின்சாரத்தைக் கடத்தும் என்று 1977இல் காட்டியதற்காக ஷிராக்காவா, மக்டையர்மிட், ஹீகர் மூவரும் 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் குடும்பத்தில் ஒன்றான பெடோட் என்ற பாலிமர் நீர்போல் தளர்ந்திருக்கும், பிழிய வராது. 2020இல் எம்.ஐ.டி.யில் ஷுவான்ஹே ஜாவ் குழு அதை உறையவைத்து உலர்த்தி, நுண்ணிழைகளாக்கி, மறுபடி குறைந்த அளவு நீர்மத்தில் கலந்து பற்பசைப் பதத்துக்குக் கொண்டுவந்தது. உடம்பின் உப்புநீரில் ஊறியதும் அது மென்மையான மின்கடத்தும் ஜெல்லாகிறது. அதில் அச்சிட்ட மெல்லிய மின்முனையைச் சுண்டெலியின் மூளையில் வைத்துச் சைகைகளைப் பதிவு செய்தார்கள். இதிலும் உயிரணு கலக்கவில்லை. உயிருள்ள திசுவைத் தொடும் கம்பியாகத்தான் மை பயன்பட்டது.

சரி, அந்த இதயம்?

2019 ஏப்ரலில் டெல் அவீவ் பல்கலைக்கழகம் அச்சிட்டுக் காட்டிய இதயம்தான் நம் மாணவர்கள் எழுதும் இதயம். குழுவின் தலைவர் மேலே சொன்ன அதே தால் த்விர். நோயாளியின் வயிற்றுக் கொழுப்புத் திசுவை எடுத்து, அதன் உயிரணுக்களை இதய உயிரணுக்களாக மாற்றி, எஞ்சிய பகுதியை ஹைட்ரோஜெல் மையாக்கி, இரண்டையும் சேர்த்து அச்சிட்டார்கள். அளவு முயலின் இதயம் போன்றது. அறைகளும் குழாய்களும் இருந்தன. உயிரணுக்களால் சுருங்க முடிந்தது. இதயம் முழுவதும் ஒன்றாகச் சுருங்கி இரத்தத்தை இறைக்கவில்லை.

அதே ஆண்டு ஃபைன்பெர்க் குழு கொலாஜனையும் மனித இதய உயிரணுக்களையும் கொண்டு ஒரு சிறு இதயக் கீழறையை அச்சிட்டது. முழு இதயம் இல்லை என்பதால் செய்தித்தாள்களில் இதற்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அது ஒன்றுசேர்ந்து துடித்தது. மின்சைகை ஒரு திசையில் ஒழுங்காகப் பரவியது. சுருங்கும்போது சுவரின் தடிமன் 14 விழுக்காடு வரை கூடியது. இரண்டில் எது பெரிய சாதனை என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். இதயம் என்பது வடிவம் மட்டும் இல்லையே.

ஆகவே தேர்வு எழுதும் மாணவர்களே, “இதயத்தையே அச்சிட்டுவிட்டார்கள்” என்று எழுதி அடுத்த பத்திக்குப் போய்விடாதீர்கள். “2019இல் முயலின் இதயம் அளவுள்ள ஓர் இதயத்தை அச்சிட்டார்கள், அதன் உயிரணுக்கள் சுருங்கின, ஆனால் அது இரத்தத்தை இறைக்கவில்லை” என்று எழுதுங்கள். வரி நீளும்தான். திருத்துகிற ஆசிரியர் அங்கே நின்று படிப்பார். ‘ஏன் இறைக்கவில்லை’ என்று உங்களுக்கு நீங்களே கேட்டால் அடுத்த பத்திக்கான கருத்தும் கிடைத்துவிடும்.

முழு அளவு இதயத்துக்கு இன்னும் என்ன தடை? மின்செய்தி ஒரு பாதி. மறுபாதி, பழைய தனாக்கா கணக்குதான் வேறு வேடத்தில். உயிரணுவுக்கு ஆக்சிஜன் ஜெல்லின் தண்ணீர் வழியே ஊர்ந்து வர வேண்டும். தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. நம் உடம்பில் பெரும்பாலான உயிரணுக்கள் ஏதாவது ஓர் இரத்தத் தந்துகிக்கு 0.2 மி.மீ. தூரத்துக்குள்தான் இருக்கின்றன. மனித இதயத்தின் இடக் கீழறைச் சுவரோ ஏறத்தாழ 1 செ.மீ. தடிமன். அதை அச்சிட வேண்டுமானால், தசையோடு அந்தத் தந்துகிகள் அத்தனையையும் சேர்த்து அச்சிட வேண்டும். அல்லது அச்சிட்ட ஜெல்லுக்குள் அவை தாமாக வளர்ந்து வர வழி செய்ய வேண்டும். தந்துகியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்று உயிரணுக்களோடு பிழியும் ஊசிகளின் துளை அதைவிடப் பல மடங்கு பெரியது.